சாட்சி சொல்லும் பாக்டீரியா

குடலில் தோன்றிய வேகத்திலேயே மறைந்துவிடும் வேதிப்பொருள்கள் சில உண்டு. அழற்சி கண்ட குடல்சுவரிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அவற்றில் ஒன்று. அதன் ஆயுள் சில நொடிகள். மலம் வெளியே வந்து, டப்பாவில் அடைபட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இருந்த சுவடே இருக்காது. இப்படிப்பட்ட பொருளை அது தோன்றும் இடத்திலேயே கண்டறிந்து, கண்டதை வெளியே தெரிவிக்கும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட பாக்டீரியாவைக் குடல் உயிருணரி என்கிறார்கள். அதற்கு மூன்று திறன்கள் வேண்டும். பொருளை உணர வேண்டும், உணர்ந்ததை மறக்காமல் வைத்திருக்க வேண்டும், மனிதர் கண்ணுக்கோ கருவிக்கோ புலப்படும்படி அதைக் காட்ட வேண்டும். இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊர்களில், பெரும்பாலும் குடலைப் பற்றிய நினைப்பே இல்லாதவர்களால் கண்டுபிடிக்கப்பட்டவை. அவை ஒன்றுகூட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த வேலையில் அதிகம் பயன்படும் பாக்டீரியாவின் கதை பச்சைக் குழந்தையின் அணையாடையில் தொடங்குகிறது. குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிச், மியூனிக் நகரில் பணியாற்றியபோது, பிறந்த குழந்தைகளின் மலத்தை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்து வந்தார். காட்டுப்பீ என்று பாட்டிமார் சொல்லும் முதல் மலத்தில் கிருமிகள் இல்லை. ஒரு நாள் கழிவதற்குள் அவை குடியேறிவிடுகின்றன. அப்படிக் குடியேறுவதில் முந்திக்கொள்ளும் ஒரு குச்சிவடிவக் கிருமியை 1885-ல் விவரித்து, 'பாக்டீரியம் கோலை கம்யூனே' என்று பெயரிட்டார். பெருங்குடலில் பொதுவாகக் காணப்படும் கிருமி என்பதுதான் பொருள்.

அவர் பெயரே கிருமிக்கு வந்ததில் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1903 முதல் 1915 வரை கொழும்பில் பாக்டீரியாவியல் நிலையத்தை நடத்திய இத்தாலியர் ஆல்டோ காஸ்டெல்லானியும், அங்கேயே பணியாற்றிய ஆல்பர்ட் சால்மர்ஸும் சேர்ந்து வெப்பமண்டல மருத்துவக் கையேடு ஒன்றை எழுதினார்கள். 1919-ல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பில்தான் எஷெரிச்சியா என்ற பேரினப் பெயர் முன்மொழியப்பட்டது. இன்று உலகெங்கும் ஈ.கோலை எனச் சுருக்கி எழுதப்படும் பெயர் அதுதான்.

ஈ.கோலையில் எண்ணற்ற வகைகள் உண்டு. உயிருணரி வரலாற்றுக்கு இரண்டு போதும். முதலாவது, முதல் உலகப் போரின் நடுவே கிடைத்தது. பால்கன் பகுதியில் போரிட்ட படைவீரர்கள் வயிற்றுப்போக்கில் வீழ்ந்தபோது ஒரே ஒரு வீரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஃபிரைபர்க் நகர மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-ல் அந்த வீரரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த வகை, மற்றக் கிருமிகளை அடக்கும் ஆற்றல் கொண்டிருந்தது. அதை மாத்திரைக்குள் அடைத்து 'மியூட்டாஃப்ளோர்' என்ற பெயரில் விற்றார்கள். இன்றும் ஜெர்மனியில் விற்கிறார்கள். இரண்டாவது, 1922-ல் ஸ்டான்ஃபோர்டில் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிவந்த ஒருவரின் மலத்திலிருந்து எடுக்கப்பட்ட கே-12. இது ஆய்வுக்கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, குடலில் பிழைக்கும் திறனை இழந்த வகை. மரபணுவியல் வளர்ந்தது கே-12-இன் மீது. குடலுக்குள் போகும் வேலை வந்தபோது நிஸ்லேயின் வகையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

மரபணுவில் கைவைக்கத் தெரிவதற்கு முன்பே பாக்டீரியாவை அளவுகோலாகப் பயன்படுத்தும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு சத்து இல்லாவிட்டால் வளராத பாக்டீரியாவுக்கு மற்றச் சத்துகளையெல்லாம் கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு சோதிக்க வேண்டிய பொருளைச் சிறிது சேர்த்தால், அதில் அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கே பாக்டீரியா வளரும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எஸ்மண்ட் ஸ்னெல்லும் ஃபிராங்க் ஸ்ட்ராங்கும் 1939-ல் தயிர்க் கிருமிகளின் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் ஒன்றைக் கொண்டு ரைபோஃபிளேவினை இப்படி அளந்தார்கள். ஸ்னெல் பங்குகொண்ட குழு 1941-ல் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தபோதும், எந்தச் சாற்றில் அது இருக்கிறது என்று வழிகாட்டியது பாக்டீரியாவின் வளர்ச்சியே. இரத்தத்தில் ஃபோலேட் அளக்க இதே முறை இன்றும் பயன்படுகிறது.

ஆனால் பாக்டீரியா ஒரு குழந்தையின் தலையெழுத்தை மாற்ற முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் பஃபலோ நகர நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி. ஃபீனைல்கீட்டோனூரியா என்பது பிறவி நோய். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி இல்லாததால் அது இரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 1934-ல் நார்வேயில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்த நோய் இது. பிறந்த சில நாள்களிலேயே தெரிந்தால், உணவைக் கட்டுப்படுத்திக் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். அன்றிருந்த சிறுநீர்ச் சோதனையோ குழந்தைக்குச் சில வாரங்கள் ஆன பின்புதான் பலன் தரும். அதற்குள் மூளையில் கேடு தொடங்கிவிடும். கத்ரியின் மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. உறவில் ஒரு சிறுமிக்கு இந்த நோயே இருந்தது. அவருடைய அவசரத்துக்குக் காரணம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்தது.

அவர் செய்த சோதனையைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். அகர் கூழில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் கிருமியின் வித்துகளைக் கலந்து, கூடவே அதன் வளர்ச்சியைத் தடுக்கும் தையீனைல்அலனினையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறைய விடுவார்கள். இந்தத் தடையை வெல்லக்கூடியது ஃபீனைல்அலனின். குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, வடிதாளில் ஒரு சொட்டு இரத்தத்தை ஏற்றிக் காயவைப்பார்கள். காய்ந்த பொட்டிலிருந்து பொத்தான் அளவு வட்டம் ஒன்றை வெட்டி அகரின் மேல் வைத்து, இரவு முழுதும் வெதுவெதுப்பில் விட்டுவிடுவார்கள். காலையில் நோயில்லாத குழந்தையின் வட்டத்தைச் சுற்றிக் கூழ் தெளிவாகக் கிடக்கும். நோயுள்ள குழந்தையின் வட்டத்தைச் சுற்றி வெண்மையான வளையம் படர்ந்திருக்கும். பக்கத்திலேயே அளவு தெரிந்த வட்டங்களும் இருப்பதால், வளையத்தின் அகலத்தை ஒப்பிட்டு இரத்தத்தில் இருக்கும் அளவையும் சொல்லிவிடலாம். விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. வடிதாளைத் தபாலில் அனுப்பலாம். 1963-ல் இந்த முறை அச்சில் வருமுன்பே அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சோதனை நடந்திருந்தது. பிற்காலத்தில் நிறைமாலைமானிகள் வந்து பாக்டீரியாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வடிதாள் மட்டும் மாறவில்லை. உடலின் வேதிப்பொருளைப் பாக்டீரியாவைக் கொண்டு அளந்து, மருத்துவமனைகளில் லட்சக்கணக்கில் நடைமுறைக்கு வந்த சோதனை என்று பார்த்தால், பின்னால் வந்த நுட்பமான உயிருணரிகள் எதுவும் இதை நெருங்கவில்லை.

கத்ரியின் கிருமிக்கு வளரவோ வளராமல் இருக்கவோ மட்டுமே தெரியும். ஒரு பொருள் வந்ததும் குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் திறக்கும் சுவிட்ச் பாக்டீரியாவுக்குள் இருக்கிறது என்பதைக் காட்டியவர்கள் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஃபிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும். ஈ.கோலை பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியை எந்நேரமும் செய்துகொண்டிருப்பதில்லை. ஒரு தடுப்புப் புரதம் அந்த மரபணுவின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பால் சர்க்கரை வந்ததும் புரதம் எழுந்து வழிவிடுகிறது. 1961-ல் அவர்கள் எழுதிய இந்த விளக்கத்துக்கு 1965-ல் ஆந்திரே லுவோஃபுடன் நோபல் பரிசு கிடைத்தது. லாக் ஓபரான் என்று பள்ளிப் பாடத்தில் வருவது இதுவே.

இதிலிருந்து ஆய்வாளர்கள் இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, சுவிட்ச் என்ற கருத்து. மற்றது, அந்த நொதியே. பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற அந்த நொதி பால் சர்க்கரையை மட்டுமின்றி, அதை ஒத்த செயற்கைப் பொருள்களையும் உடைக்கும். எக்ஸ்-கால் என்ற பொருளை அகரில் கலந்துவிட்டால், நொதி செய்யும் பாக்டீரியாவின் காலனி கருநீலமாகும். செய்யாதது வெள்ளையாகவே இருக்கும். இந்த நொதியின் மரபணுவை வேறொரு சுவிட்சின் பின்னால் ஒட்டவைத்தால், அந்தச் சுவிட்ச் எப்போது திறக்கிறது என்பதை நிறமே சொல்லிவிடும். 1970-களில் இப்படி மரபணுக்களை ஒட்டவைக்கும் உத்திகள் கைக்கு வந்தன. இன்றும் எந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியைத் திறந்தாலும் நீலமும் வெள்ளையும் புள்ளியிட்ட தட்டு ஒன்று கிடைக்கும்.

நீலத்துக்குப் போட்டியாக ஒளி வந்தது. கணவாய் இனம் ஒன்றின் உடலில் குடியிருந்து ஒளிவிடும் கடல் பாக்டீரியாவான விப்ரியோ ஃபிஷெரியின் ஒளி மரபணுக்களை எங்கபிரெக்ட், நீல்சன், சில்வர்மேன் ஆகியோர் பிரித்து, 1983-ல் ஈ.கோலைக்குள் ஏற்றி அதை ஒளிரவைத்தார்கள். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை 1994-ல் மார்ட்டின் சால்ஃபி பாக்டீரியாவில் ஒளிரச் செய்தார். உணரவும் காட்டவும் வழி கிடைத்துவிட்டது.

ஆனால் இப்படி மாற்றப்பட்ட பாக்டீரியா முதலில் போன இடம் உடல் அல்ல, அழுக்கான மண்ணும் தண்ணீரும்தான். டென்னசி பல்கலைக்கழகத்தில் கேரி செய்லர் குழு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனைக் கண்டால் ஒளிரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை 1990-ல் அறிவித்தது. 1996-ல் ஓக் ரிட்ஜில் அரசின் அனுமதியுடன் அது மண்ணிலும் விடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் யான் ரூலோஃப் வான் டெர் மீர் குழு, ஆர்செனிக்கை அறியும் ஈ.கோலையைச் செய்து, 2005-ல் வியட்நாமின் நிலத்தடி நீர் மாதிரிகளில் சோதித்துப் பார்த்தது. ஆர்செனிக்கை உணரும் தடுப்புப் புரதத்தை யாரும் புதிதாகச் செய்யவில்லை. ஆர்செனிக் உள்ளே வந்தால் வெளியே தள்ள வேண்டும் என்பதற்காகப் பாக்டீரியாவே வைத்திருந்த புரதம் அது. இந்தத் தொழிலில் புதிதாகப் படைப்பது குறைவு, இரவல் வாங்குவதே மிகுதி.

உடலுக்குள் போகத் தயக்கம் இருந்ததற்குக் காரணம் உண்டு. மரபணுக்களை வெட்டி ஒட்டும் நுட்பம் பிறந்ததுமே அதைப் பற்றிய அச்சமும் பிறந்தது. 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் கூடிய விஞ்ஞானிகள், மாற்றப்பட்ட பாக்டீரியா ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி மனிதக் குடலில் குடியேறினால் என்ன ஆகும் என்று விவாதித்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் மனிதர்கள் கே-12-ஐக் குடித்துப் பார்த்தார்கள். சில நாள்களில் அது மலத்திலிருந்து மறைந்துவிட்டது. அலபாமாவில் ராய் கர்ட்டிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பித்தநீர் பட்டாலே செத்துவிடும், இயற்கையில் எளிதில் கிடைக்காத ஒரு சத்து இல்லாமல் வாழவே முடியாத வகை ஒன்றை உருவாக்கினார். அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி அதற்கு 'கை 1776' என்று பெயர். குடலில் பிழைக்கவே முடியாத பாக்டீரியாவைச் செய்வதுதான் அன்றைய பெருமை. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே துறையினர், குடலில் மாதக்கணக்கில் தங்கும் பாக்டீரியாவைச் செய்துவிட்டோம் என்று பெருமைப்பட்டார்கள்.

இடையில் தயக்கம் குறைய உதவியது பெல்ஜியத்தின் லோதர் ஸ்டைட்லர் குழு. பாலாடைக்கட்டி செய்யப் பயன்படும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவை, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்தைச் சுரக்கும்படி மாற்றி, 2000-ல் எலிகளுக்குக் கொடுத்தார்கள். பின்னர், தைமிடின் கிடைக்காவிட்டால் செத்துவிடும் ஏற்பாட்டுடன் அதே பாக்டீரியாவை ஆம்ஸ்டர்டாமில் குரோன் என்ற குடல் அழற்சி நோய் கண்ட பத்துப் பேருக்குக் கொடுத்த முடிவு 2006-ல் வந்தது. மரபணு மாற்றிய உயிருள்ள பாக்டீரியாவை மருந்தாக மனிதர் விழுங்கலாம் என்பது அப்போது நிலைப்பட்டது.

உணர்தலும் காட்டுதலும் மட்டும் குடலுக்குப் போதவில்லை. பச்சை ஒளிர்புரதமும் விப்ரியோவின் ஒளியும் ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யா. பெருங்குடலிலோ ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. மேலும், சிறுகுடலில் ஒரு பொருளைச் சந்தித்த பாக்டீரியா அங்கேயே நின்றுவிடுவதில்லை. பல மணி நேரம் பயணம் செய்து மலத்தோடு வெளியே வரும்போது அந்தப் பொருள் சுற்றுமுற்றும் இருக்காது, சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே நினைவு வேண்டியிருந்தது.

அந்த நினைவும் கே-12-க்குள்ளேயே ஒளிந்திருந்தது. கே-12-இன் மரபுத்தொகுதியில் லாம்டா என்ற வைரஸ் உறங்குவதை 1950-ஐ ஒட்டி எஸ்தர் லெடர்பெர்க் கண்டுபிடித்திருந்தார். அந்த வைரஸிடம் ஒன்றையொன்று அடக்கும் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று மேலோங்கினால் வைரஸ் தலைமுறை தலைமுறையாக உறங்கும், மற்றது மேலோங்கினால் விழித்துப் பெருகும். நடுநிலை கிடையாது. இந்த அமைப்பைப் போலவே ஒன்றையொன்று அடக்கும் இரு மரபணுக்களை வைத்து, 2000-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் ஆகியோர் ஈ.கோலையில் செயற்கைச் சுவிட்ச் ஒன்றைச் செய்தார்கள். ஒருமுறை தட்டினால் போதும், தட்டிய கை விலகிய பின்பும் சுவிட்ச் அதே பக்கம் நிற்கும். வீட்டு மின்விளக்கின் சுவிட்சைப் போல என்று சொன்னால் அது முழு உண்மை.

ஹார்வர்டில் பமேலா சில்வரின் குழு 2014-ல் லாம்டாவின் அந்த இரு புரதங்களையே குடலுக்குள் அனுப்பியது. எலிகளுக்குப் பாக்டீரியாவை ஊட்டிவிட்டு, குடிநீரில் டெட்ராசைக்ளின் வகைப் பொருள் ஒன்றைக் கலந்தார்கள். குடலில் அதைச் சந்தித்த பாக்டீரியா சுவிட்சைத் திருப்பிக்கொண்டது. எலியின் மலத்தைக் கரைத்து எக்ஸ்-கால் தட்டில் பரப்பியபோது நீலக் காலனிகள் முளைத்தன. மருந்து குடிக்காத எலிகளின் தட்டு வெள்ளையாக இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டது ஆய்வாளர்களே போட்ட மருந்து. நோயின் அடையாளம் எதுவும் இன்னும் சோதிக்கப்படவில்லை. ஆனாலும் குடலுக்குள் போன பாக்டீரியா கண்டதை நினைவில் வைத்து வெளியே வந்து சொல்லியது இதில்தான்.

நோயின் அடையாளமாக அடுத்து எடுத்துக்கொள்ளப்பட்ட பொருளின் வரலாறு விரிவாகச் சொல்லத் தக்கது. குடல் கிருமிகள் அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செய்கின்றன. அது நஞ்சு. ஆகவே குடல்சுவரின் செல்கள் அதைத் தயோசல்ஃபேட்டாக மாற்றிவிடுகின்றன. குடலில் அழற்சி ஏற்பட்டால் வெள்ளணுக்கள் பெருகி வந்து, கிருமிகளைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களை வீசுகின்றன. அந்த வீச்சில் இரண்டு தயோசல்ஃபேட் சேர்ந்து டெட்ராதயோனேட் ஆகிறது. ஆக, டெட்ராதயோனேட் இருக்கும் இடத்தில் அழற்சி இருக்கிறது என்று கொள்ளலாம்.

விந்தை என்னவென்றால், டைஃபாய்டு ஆய்வுக்கூடங்களின் அலமாரியில் டெட்ராதயோனேட் நெடுங்காலமாகவே இருந்தது. மலத்தில் சால்மோனெல்லா சிறு அளவில் இருந்தால் மற்றக் கிருமிகளின் கூட்டத்தில் அது தெரியாது. டெட்ராதயோனேட் கலந்த ரசத்தில் வளர்த்தால் சால்மோனெல்லா மட்டும் செழித்து மேலே வரும் என்று 1923-ல் முல்லர் என்பவர் காட்டினார். அன்று முதல் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இந்த ரசத்தைக் காய்ச்சி வந்தன. இயற்கையில் சால்மோனெல்லாவுக்கு டெட்ராதயோனேட் எங்கே கிடைக்கிறது, அது ஏன் அதில் செழிக்கிறது என்பதற்கு விடை வரவில்லை. 2010-ல் கலிஃபோர்னியாவில் ஆந்திரியாஸ் பாய்ம்லர் குழுவின் செபாஸ்டியன் விண்டரும் மற்றவர்களும் விடை சொன்னார்கள். சால்மோனெல்லா குடலில் வேண்டுமென்றே அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சியில் பிறக்கும் டெட்ராதயோனேட்டை ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சுவாசிக்கிறது. மற்றக் கிருமிகளுக்கு அந்தத் திறன் இல்லாததால் களம் அதற்கே சொந்தமாகிறது. 87 ஆண்டுகள் ரசமாகக் காய்ச்சியது உண்மையில் நோயுற்ற குடலின் ஒரு நகல்.

டெட்ராதயோனேட்டை மோப்பம் பிடிக்கச் சால்மோனெல்லாவிடம் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று செல்லின் உறையில் நின்று பொருளை உணரும், மற்றது செய்தியை வாங்கி மரபணுவைத் திறக்கும். சில்வரின் குழுவில் டேவிட் ரிக்லரும் மற்றவர்களும் இந்த இரண்டையும் எலியின் குடலிலிருந்தே எடுத்த ஈ.கோலை வகை ஒன்றில் ஏற்றி, லாம்டா நினைவுச் சுவிட்சோடு இணைத்தார்கள். 2017-ல் வந்த முடிவில், அழற்சி கண்ட எலிகளின் தட்டில் நீலம் தெரிந்தது. அதைவிட முக்கியமானது, அந்தப் பாக்டீரியா ஆறு மாதங்கள் எலிக் குடலில் தங்கியும் அதன் சுவிட்ச் கெடவில்லை என்பது. செயற்கை மரபணுக்கள் பாக்டீரியாவுக்குச் சுமை. அவற்றை உதறிவிட்ட பாக்டீரியா வேகமாகப் பெருகி மற்றவற்றை மிஞ்சிவிடும். ஆறு மாதம் என்பது பாக்டீரியாவின் கணக்கில் பல நூறு தலைமுறை. சுமையைக் குறைவாக வைத்து, குரோமோசோமிலேயே ஒற்றைப் படியாகப் பதித்ததால் அது நிலைத்தது.

அதே 2017-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி டேபரின் குழு, உணர்வுப் புரதங்களைக் கடலுக்குப் போய் எடுத்து வந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கடலடி வண்டலில் கிடைத்த ஷீவனெல்லா இனம் தயோசல்ஃபேட்டை உணரும். பால்டிக் கடலின் மற்றோர் இனம் டெட்ராதயோனேட்டை உணரும். இரண்டையும் நிஸ்லேயின் வகைக்குள் ஏற்றி எலிகளுக்குக் கொடுத்ததில், தயோசல்ஃபேட் உணரியின் ஒளிர்வு குடல் அழற்சியோடு ஒத்துப்போனது. தயோசல்ஃபேட் அழற்சியின் அடையாளமாக இருக்கலாம் என்பதை வேதியியல் கருவியை முந்திக்கொண்டு பாக்டீரியா சொன்ன நேர்வு இது. இதற்கு முன்பே 2012-ல் டெக்சாஸில் ஆர்ச்சர், ராபின்சன், சூயல் ஆகியோர் நைட்ரிக் ஆக்சைடை உணரும் ஈ.கோலையைச் செய்திருந்தார்கள்.

மலத்தைக் கரைத்துத் தட்டில் பரப்புவது மெதுவான வேலை. வேறு வாசல் தேடியவர்களில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சங்கீதா பாட்டியா குழுவும் ஒன்று. நிஸ்லே பாக்டீரியாவை எலி விழுங்கினால், அதில் சிறிது குடலைக் கடந்து கல்லீரலில் பரவிய புற்றுக்கட்டிகளில் போய்ப் பெருகுகிறது. அது செய்யும் பீட்டா-காலக்டோசிடேஸ், தனியாகச் செலுத்தப்படும் ஒரு பொருளை உடைக்க, உடைந்த துண்டு சிறுநீரில் வந்து ஒளிரும். 2015-ல் இது வெளியானது. குடலைத் தாண்டிய கதை என்றாலும், விழுங்கிய பாக்டீரியா சிறுநீர் வழியே பேசலாம் என்பதைக் காட்டியது.

இன்னொரு வாசல் மின்னணுக் கருவி. அதே நிறுவனத்தில் டிமோதி லூவின் பாக்டீரியா ஆய்வாளர்களும், சென்னையில் பிறந்த மின்னணுவியல் அறிஞர் அனந்த சந்திரகாசனின் குழுவும் சேர்ந்து 2018-ல் ஒரு கேப்ஸ்யூலை வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இருந்தால் இரத்தச் சிவப்பணுவின் ஹீம் வெளியே வரும். ஹீமை உணரும் தடுப்புப் புரதம் லாக்டோகாக்கஸிடம் இருந்து இரவல். ஆனால் ஹீம் ஈ.கோலையின் வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே போகாது. அதற்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுப் புரதத்தை, இரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகையிடமிருந்து எடுத்தார்கள். இரத்தத்தில் இரும்பு தேடுவது அந்தக் கிருமியின் பிழைப்பு. நோய்க்கிருமியின் மூக்கும் வாயும் நோயைக் கண்டுபிடிக்கவே உதவின.

கேப்ஸ்யூலின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். ஒரு முனையில் நான்கு சிறு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் பாக்டீரியா. வெளியே இருக்கும் நீர்மம் உள்ளே வரலாம், பாக்டீரியா வெளியே போக முடியாதபடி நுண்துளைச் சவ்வு மூடியிருக்கும். கிண்ணத்துக்கு அடியில் ஒளியறியும் டிரான்சிஸ்டர். பாக்டீரியா தன்னில் ஏற்றப்பட்ட ஒளி மரபணுக்களால் மங்கலாக ஒளிர்ந்ததும் டிரான்சிஸ்டர் அதை எண்ணாக்கி, வெளியே இருக்கும் கைபேசிக்கு வானலையில் அனுப்பும். மின்சுற்று இழுப்பது 13 மைக்ரோவாட் மட்டுமே. பன்றிகளின் இரைப்பையில் சிறிது இரத்தம் கலந்து சோதித்தபோது, இரத்தம் உண்டா இல்லையா என்று கேப்ஸ்யூல் பிரித்துச் சொன்னது. விழுங்கச் சிரமமான அளவு என்பதை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2023-ல் வந்த அடுத்த பதிப்பு 1.4 கன சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கியது. நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, தயோசல்ஃபேட், டெட்ராதயோனேட் என அழற்சியோடு தொடர்புடைய நான்கையும் அது பன்றியின் குடலில் தேடியது. நொடிகளில் மறையும் பொருளை அது இருக்கும்போதே அறிவிக்கும் தேவைக்கு இதுவே நேரான விடை.

நினைவுக்கும் புதிய ஏடு கிடைத்திருக்கிறது. 1987-ல் ஒசாகாவில் யோஷிசுமி இஷினோ, ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் புதிரான தொடர்களைக் கண்டார். கிரிஸ்பர் என்று பின்னாளில் புகழ்பெற்ற அத்தொடர்கள், படையெடுத்த வைரஸ்களின் துண்டுகளைப் பாக்டீரியா பதித்துவைக்கும் குறிப்பேடு. சுவிட்ச் ஆம், இல்லை என்ற இரண்டைத்தான் சொல்லும். இந்த ஏடோ நடந்தவற்றைப் பட்டியலாகவே எழுதும். சுவிட்சர்லாந்தின் ராண்டல் பிளாட் குழு 2022-ல், குடலில் இருந்தபோது பாக்டீரியா எந்தெந்த மரபணுக்களை இயக்கியது என்பதை இவ்வாறு பதியவைத்து, எலி எந்த உணவு தின்றது என்பதை அதன் மலத்திலிருந்து படித்துக் காட்டியது.

இவ்வளவும் எலியிலும் பன்றியிலும் நடந்தவை. மனிதக் குடலில் ஈ.கோலையின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெரும்பான்மையான பாக்டீராய்டிஸ் போன்றவற்றை மாற்றியமைக்கும் முயற்சி 2015-ஐ ஒட்டித்தான் சூடுபிடித்தது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் குடலில் புதிதாக விழுங்கிய பாக்டீரியாவுக்கு இடம் கிடைப்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லோரும் நம்பி எடுக்கும் நிஸ்லேயின் வகையிலும் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் கோலிபாக்டின் நஞ்சுக்குரிய மரபணுக்கள் இருப்பது பின்னால் தெரியவந்தது. நூறாண்டு விற்ற மருந்து என்பதே அதற்குப் போதிய பாதுகாப்புச் சான்று ஆகிவிடாது.

மனிதர்மீது வெகுதூரம் போன சோதனை உணரியாக இல்லாமல் மருந்தாக வந்தது. கத்ரி தேடிய அதே ஃபீனைல்அலனினைக் குடலிலேயே சிதைக்கும்படி மாற்றப்பட்ட நிஸ்லே பாக்டீரியாவை அமெரிக்காவின் சின்லாஜிக் நிறுவனம் மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. வெற்றி வாய்ப்பில்லை என்று கண்டு 2024 பிப்ரவரியில் அதை நிறுத்தியது. குடல் அழற்சி இருப்பதாக ஐயப்படும் நோயாளிக்கு மருத்துவர் இன்றும் எழுதிக்கொடுப்பது மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனையும் கொலோனோஸ்கோபியும்தான்.